ஆற்றங்கரை மரத்தை வெட்டலாமா?

பொதிகை மலையில் பிறக்கிறது தாமிரபரணி. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சுமார் 130 கிலோமீட்டர் ஓடுகிறது. புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது.

இந்த ஆறு குடிக்கத் தண்ணீர் தருகிறது. வயலுக்குப் பாய்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆற்றின் கரை என்ன தருகிறது? இதைப் பலர் நினைத்துப் பார்ப்பது இல்லை.

வேர்தான் வேலி

கரையில் மருத மரம் நிற்கிறது. அதன் வேர் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்கிறது. நாணலும் கோரையும் வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் குறைந்தால், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். பக்கத்துக் கிணறுகளில் ஊற்று பெருகும்.

வயலில் போட்ட உரம் மழையில் கரைந்து ஆற்றுக்கு வருகிறது. கரையில் உள்ள புல், அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. சேற்றையும் தடுக்கிறது. காசு வாங்காமல் தண்ணீரை வடிகட்டுகிறது!

மர நிழலில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே மீன் ஒதுங்கும். உதிர்ந்த இலையைப் பூச்சி தின்னும். பூச்சியை மீன் தின்னும். மீனை நீர்நாயும் மீன்கொத்தியும் தின்னும். மனிதனுக்கும் அதில் பங்கு உண்டு.

பத்தமடைப் பாய் புகழ் பெற்றது. அதை எதில் நெய்கிறார்கள்? கோரையில்! ஆற்றங்கரைக் கோரை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

பாம்பு வராதா?

"புதர் இருந்தால் பாம்பு வரும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, சிமெண்டுச் சுவர் கட்டினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள்.

படித்துறையில் புதரை வெட்டலாம். வீடுகளை ஆறு அரிக்கும் இடத்தில் சுவர் கட்டலாம். சீமைக் கருவேல மரத்தையும் அகற்றலாம். ஆனால், ஆறு நெடுகிலும் கரையை மொட்டை அடிப்பது தவறு. சுவரில் கோரை முளைக்குமா? சுவர் வெடித்தால், பழுது பார்க்கப் பணம் வேண்டும். மரமோ தானே வளரும்.

2023-ம் ஆண்டு டிசம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தனை பெரிய வெள்ளத்தை மரங்கள் மட்டும் தடுத்துவிட முடியாது. அது உண்மை. ஆனால், வேர் இல்லாத வெறும் மண் கரை சீக்கிரம் அரிக்கும். அரித்த கரை உடையும். உடைந்தால், தண்ணீர் ஊருக்குள் வரும்.

ஆகவே, கரையில் மண் அள்ளக்கூடாது. குப்பை கொட்டக்கூடாது. நிற்கும் மரத்தை வெட்டக்கூடாது. மரம் போன இடத்தில் மருதங்கன்று நட வேண்டும்.

தாத்தா காலத்து மரத்தின் நிழலில் இன்று பேரன் குளிக்கிறான். நாளை அவனுடைய பேரனுக்கும் அந்த நிழல் வேண்டாமா?