நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்த கால்

நாகேஸ்வர ராவ் பார்க்கில் காலை நடையை முடித்துக்கொண்டு லஸ் பக்கம் திரும்பும்போது, ஒரு அடுக்குமாடி வாசலில் புது வாட்ச்மேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். "சார், என்னைத் தெரியலீங்களா? தி.நகர் சாரம் கேஸ்" என்றார்.

பெயர் ஞாபகம் வரவில்லை. கேஸ் வந்துவிட்டது. (முப்பத்தோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்த்தவனுக்கு மனிதர்கள் ஃபைல்களாகத்தான் ஞாபகம் இருக்கிறார்கள்.) 2012-ல் உஸ்மான் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கொத்தனார். சாரம் சரிந்து விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. மேஸ்திரி எங்களிடம் பாலிசி எடுத்திருந்தார்.

சம்பாதிக்கும் திறனில் 25 சதவீதம் நிரந்தர இழப்பு என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். கூலி எவ்வளவு இருந்தாலும் மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அன்றைய உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 4,800. நாற்பது வயதுக்கான பெருக்கு எண் 184.17. பெருக்கினால் 8,84,016, அதில் கால் பங்கு 2,21,004 ரூபாய். வட்டியோடு செக் போட்டோம். ஃபைலை மூடினோம். அன்றைக்கு அதில் யார் மீதும் எனக்குக் குறை தெரியவில்லை.

நாலைந்து வருஷத்தில் அந்த எலும்பின் தலைப்பகுதி ரத்த ஓட்டமில்லாமல் செத்துவிட்டதாம். அந்த இடத்து முறிவில் இப்படி ஆவது டாக்டர்களுக்குப் புதிதல்ல. இப்போது சாரம் ஏறுவது இருக்கட்டும், குத்துக்காலிட்டு உட்காரவே முடியாது. "அப்ப இருபத்தஞ்சுன்னாங்க சார். இப்ப போய்க் காட்டினா எவ்ளோ சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

எவ்வளவு சொன்னாலும் பிரயோஜனமில்லை. இந்த அநியாயத்தைத்தான் எழுத வந்தேன்.

1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மறு ஆய்வுக்கென்றே ஆறாவது பிரிவு இருந்தது. உடல்நிலை மாறிவிட்டது என்ற டாக்டர் சான்றிதழோடு முதலாளியும் மனுப் போடலாம், தொழிலாளியும் போடலாம். தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்தத் தொகையை? தற்காலிக ஊனத்துக்கு மாதம் இரண்டு தவணையாக, அதிகபட்சம் ஐந்து வருஷம் தருகிறார்களே, அதை மட்டும். நிரந்தர ஊனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த தொகையை அந்தப் பிரிவு தொடவே தொடாது. ஹைகோர்ட் அப்பீல் என்றால் 60 நாள் கெடு. இவருக்கு இடுப்பு போனதே அதற்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான்.

அதாவது, ஆறிவிடக்கூடிய காயம் மாறலாம் என்று சட்டத்துக்குத் தெரிகிறது. ஆறாத காயம் மோசமாகலாம் என்று தெரியவில்லை. சான்றிதழில் டாக்டர் எழுதிய சதவீதம்தான் நிரந்தரம். கால் அதற்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்ள வேண்டும்!

1976-ல் வெளியான பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், முழங்கைக்கு மேலே இடது கையை இழந்த தச்சருக்கு 100 சதவீத இழப்பு என்பதைச் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான் காரணம். அந்த அளவுகோலை இன்று இந்தக் கொத்தனாருக்கு வைத்துப் பாருங்கள். வைக்கத்தான் வழியில்லை.

என் பழைய சகாக்கள் சொல்வார்கள்: "ஃபைலை என்றைக்காவது மூட வேண்டாமா? பத்து வருஷம் கழித்து ஒவ்வொருவனும் வந்து நின்றால் பிரீமியம் எங்கே போகும்?" நானும் இதைச் சொன்னவன்தான், அதுவும் மேஜையைத் தட்டி. ஆனால் பதில் இதே ஊரில், ஸ்டெர்லிங் ரோட்டு இ.எஸ்.ஐ. அலுவலகத்தின் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 55-ஆவது பிரிவு, எதிர்பாராத விதத்தில் காயத்தின் விளைவு கணிசமாக மோசமானால் மருத்துவ வாரியம் ஊன மதிப்பீட்டைத் திரும்பப் பார்க்கலாம் என்றது. பார்க்காவிட்டால் பெரிய அநீதி ஆகும் என்று வாரியத்துக்குப் பட வேண்டியிருந்தது. சாதாரணமாக ஐந்து வருஷத்துக்குள் கேட்க முடியாது என்றிருந்தது. கேட்ட தேதிக்கு முந்தைய பாக்கியும் கிடையாது. இவ்வளவு வேலி போட்ட ஏற்பாடு எந்தக் கஜானாவையும் காலி செய்யாது. அங்கே பணமும் மாதாமாதம், ஆயுள் வரை. ஒரே மாதிரி விழுந்து ஒரே எலும்பை முறித்துக்கொண்ட இரண்டு பேரில், இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்தவருக்குக் கதவு திறந்திருந்தது, மேஸ்திரியிடம் கூலி வாங்கியவருக்கு மூடியிருந்தது.

சரி, தொகை வாங்கியவர் தேறிவிட்டால் திருப்பித் தருவாரா என்று கேட்பீர்கள். 25 என்று எழுதி 10 ஆனால் கம்பெனிக்குச் சில ஆயிரமோ லட்சமோ நஷ்டம். 25 என்று எழுதி 100 ஆனால் ஒரு குடும்பம் தெருவுக்கு வருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லாதீர்கள்.

திருத்த ஒரு வாய்ப்பும் வந்தது. நூறு வருஷச் சட்டத்தைக் கலைத்து, 2020-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்று கொண்டுவந்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆசையோடு புரட்டினேன். ஆறாவது பிரிவு 79-ஆவது பிரிவாகியிருக்கிறது. உள்ளே அதே தவணைத் தொகைதான். நம்பரை மாற்ற ஒரு நாடாளுமன்றம்!

இ.எஸ்.ஐ.யின் 55-இல் இருந்த நாலு வரியை இந்த 79-இல் சேர்த்தால் போதும். மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு எழுதியிருக்கிறேன், தபாலில் அனுப்பத்தான் எனக்குத் தெரியும்.

கொத்தனாரிடம் உள்ளதைச் சொன்னேன். கோபப்படவில்லை. "ஆர்டர் காப்பி வீட்ல இருக்கு சார், எதுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க" என்றார். நாளைக்குக் கொண்டு வருகிறார். அதோடு செக் அனுப்பிய கடிதமும் இருக்கும். கீழே கையெழுத்து என்னுடையது.