வரிசையை ஃபோனுக்குள்ள தள்ளினா வரிசை குறையுமா?

எங்கட பட்ச்சில ஒருத்தியின் அம்மம்மாவுக்கு நீரிழிவு. ஊர் வன்னியில. மாதம் ஒருக்கா கிளினிக். முந்தியெல்லாம் விடிய நாலு மணிக்கு எழும்பி, முதல் பஸ் எடுத்து, கிளினிக் கொப்பியை அடுக்கில வைச்சிட்டு வாங்கில இருப்பா. போன வருசம் இனி ஃபோனில திகதி பதியவேணும் எண்டு சொல்லிட்டினம். பேரன் பதிஞ்சு குடுத்தான். திகதி மாறினதாக மெசேஜ் வந்தது, சிங்களத்தில. அம்மம்மா அதை ரீலோட் விளம்பரம் எண்டு நினைச்சு விட்டுட்டா. பழைய திகதியில போய் நிண்டவவிடம், "உங்கட பெயர் சிஸ்டத்தில இல்லை" எண்டினம். அந்த மாதக் குளிசையை பார்மசியில காசு குடுத்துத்தான் வாங்கினவ.

இலவச மருத்துவம் உள்ள நாட்டில, ஒரு மெசேஜ் வாசிக்கத் தெரியாததுக்கு அபராதம் கட்டின மாதிரித்தான் இது.

நாங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள் இல்லை. இதை எழுதுறதே ஃபோனிலதான். எங்கட கேள்வி ஒண்டுதான்: தொழில்நுட்பம் வந்தபிறகு வேலை ஆருக்குக் கூடுது, ஆருக்குக் குறையுது?

1990 ஐ எடுத்துக்கொள்ளுங்கோ. 2016 இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அதுக்குப் பின்னாலயும் மென்பொருள் இருக்கு, ஜிபிஎஸ் இருக்கு. ஆனா நோயாளியின் வீட்டில செய்யவேண்டியது நாலு இலக்கத்தை அமத்துறது மட்டும்தான். காசும் இல்லை. மிச்சப் பாரம் எல்லாம் சேவையின் தலையில. அதாலதான் அது வேலை செய்யுது.

இன்னும் பழைய உதாரணம் வேணுமா? 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. அந்த வெற்றி ஆஸ்பத்திரி வாசலில காத்திருந்து வந்ததில்லை. நடமாடும் கிளினிக்குகள் ஊர் ஊராகப் போய், காய்ச்சல் இருக்கோ இல்லையோ இரத்தம் எடுத்துப் பார்த்தன. யுத்தம் நடந்த இடங்களிலயும் அந்த வேலை முற்றாக நிற்கவில்லை. நுணுக்குக்காட்டியும் தொழில்நுட்பம்தானே! அது சனத்தைத் தேடிப் போனது. 1926 இல் களுத்துறையில முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கின காலத்தில இருந்து இந்த நாட்டின் பொதுச் சுகாதாரம் பிழைச்சது இப்படித்தான். படலையைத் திறந்து உள்ள வாற குடும்பநல உத்தியோகத்தரை நம்பித்தான் எங்கட அம்மாமார் எங்களைப் பெத்தவை.

இப்ப திசை தலைகீழ். சனம்தான் சேவையைத் தேடவேணும். ஸ்மார்ட் ஃபோன் வாங்கவேணும், டேட்டா போடவேணும், தெரியாத மொழியில வாசிக்கவேணும். பிழைச்சா பிழை சனத்தில.

"பழகினா எல்லாம் சரியாகும்" எண்டு சொல்லுவினம். எங்களுக்குப் பழகும். எழுபத்தஞ்சு வயசுக்காரிக்கு? பதிவுமுறை வந்தபிறகு வாங்கில கூட்டம் குறைஞ்சிருக்கு எண்டு பெருமைப்படவும் ஆக்கள் இருக்கினம். கூட்டம் குறைஞ்சது சுகம் கூடினதாலயா, வர வழி தெரியாமல் வீட்டில இருக்கிறதாலயா? அதை எண்ணிப் பார்க்கிற சிஸ்டம் எங்க?

2022 நெருக்கடியோட மருந்துத் தட்டுப்பாடு வந்தது, வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அந்த ஓட்டையை ஆப் வைச்சு அடைக்க ஏலாது.

நாங்கள் கேட்கிறது பெரிசா ஒண்டுமில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கினது. அப்ப மெசேஜும் தமிழில வரட்டும். ஃபோன் இல்லாமல் நேரில வாற ஆளுக்கு ஒவ்வொரு கிளினிக்கிலயும் இடம் ஒதுக்குங்கோ. டெப்லெட் வாங்க முதல், வெற்றிடமாக் கிடக்கிற குடும்பநல உத்தியோகத்தர் பதவிகளை நிரப்புங்கோ.

பெயர் சிஸ்டத்தில இல்லாட்டியும், ஆள் முன்னால நிக்கிறா. முதல்ல அவவைப் பாருங்கோ.