ஈயடிச்சான் காப்பி

ஒரு எர்ரர் மெசேஜ் வந்தால் நம்ம ஊர் பொட்டி தட்டுபவர் என்ன செய்கிறார்? அதை அப்படியே தேடுபொறியில் போட்டு, முதலில் கண்ணில் படும் துணுக்கை எடுத்து ஒட்டுகிறார். ஓடிவிட்டால் கதை முடிந்தது. ஏன் ஓடுகிறது என்று கேளுங்கள், பதில் வராது.

"அதான் ஓடுதுல்ல, அப்புறமென்ன?" என்பதுதான் இந்தத் தொழிலைப் பிடித்த நோய். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டாலே கணக்கு சரி என்று பி.காம். முதலாண்டு மாணவர்கூடச் சொல்ல மாட்டார். அடியோடு எழுதாமல் விட்ட செலவை அது காட்டிக்கொடுக்காது. நிரலும் அப்படித்தான்.

ஆதாரம் வேண்டுமா? 2010-ல் ஆண்ட்ரியாஸ் லுண்ட்பிளாட் என்பவர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஜாவாவில் ஒரு துணுக்கு எழுதினார். பைட் எண்ணிக்கையை கேபி, எம்பி என்று மாற்றிக் காட்டும் சில வரிகள், அவ்வளவே. அந்தத் தளத்திலிருந்து கிட்ஹப்புக்கு மிக அதிகமாகப் போன ஜாவா துணுக்கு அதுதான் என்று 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆயிரக்கணக்கான புராஜெக்ட்கள்! 2019-ல் எழுதியவரே ஆற அமரப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. 9,99,999 பைட் கொடுத்தால் '1.0 எம்பி' வரவேண்டிய இடத்தில் '1000.0 கேபி' வந்தது. அவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு திருத்தினார். எடுத்த இடத்தைக் குறித்து வைக்காதவர்களுக்கு அந்தத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது அந்தத் தளத்தின் உரிம நிபந்தனையும்கூட.

அளவு தப்பினால் குடி முழுகிவிடாது. ஆனால் 'பர்மிஷன் டினைட்' என்றதும் 'சிஎச்மாட் 777' போடச் சொல்லும் குறிப்பு? அந்தக் கணினியில் நுழையும் எந்தப் பயனரும் கோப்பைத் திருத்தலாம். பைத்தானில் சான்றிதழ் பிழைக்கு 'வெரிஃபை=ஃபால்ஸ்' என்ற வைத்தியம்? எதிர்முனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்ற சோதனையே போச்சு. பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றி வைப்பது தீர்வா? திருடு போவது ஒட்டியவரின் பணம் அல்ல, வாடிக்கையாளரின் பணம்.

"எல்லாவற்றையும் புதிதாக எழுத நேரம் ஏது?" என்பார்கள். யாரும் அப்படிக் கேட்கவில்லை. தாராளமாக எடுங்கள். எங்கிருந்து, என்றைக்கு, எதற்காக எடுத்தீர்கள் என்று துணுக்கின் தலையில் இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியை எழுத முடியவில்லை என்றால், அது உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

பத்து ரூபாய் டீச்செலவுக்கு வவுச்சர் கேட்கும் கம்பெனிகள், ஊரார் பணம் புழங்கும் நிரலுக்குக் கேட்காமல் விடுவது என்ன நியாயம்?