எலியின் மூளையும் ஜீவகாருண்யமும்

மனிதனைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எலியைக் கிடத்தி அதன் மூளையைப் பார்க்கின்றார்கள் என்று சொன்னால், நம் காஞ்சிபுரத்து வைதீகர்கள், "பிள்ளையார் வாகனத்துக்கு இந்தக் கதியா? பாவமல்லவா?" என்பார்கள். யாகத்தில் ஆட்டைக் கொல்வது புண்ணியம் என்று எழுதி வைத்த கூட்டத்தாருக்கு எலியினிடம் பிறக்கும் இந்தத் திடீர் இரக்கத்தை மெச்சுகின்றோம். ஆனால் உண்மை என்ன?

பக்கவாதம் மூளையை எப்படிக் கெடுக்கின்றது என்று அறிய, முன்னெல்லாம் இன்றைக்குச் சில எலி, நாளைக்குச் சில எலி என்று கொன்று அறுத்துப் பார்த்தார்கள். இப்போது ஒரே எலியை மயக்க மருந்து கொடுத்து உயிரோடு பலமுறை பார்க்கலாம். கொல்லப்படும் எலிகளின் தொகையும் குறைகின்றது. இந்த ஜீவகாருண்யத்தைக் கற்றுக் கொடுத்தது எந்தப் புராணம்? காந்தத்தால் படமெடுக்கலாமென்று 1973-ல் காட்டிய லாட்டர்பரும், அதை வளர்த்த மான்ஸ்பீல்டுமே அதற்கு வழி செய்தவர்கள். இருவரும் 2003-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பிராணிகளுக்கென்றே 7 டெஸ்லாவும் அதற்கு மேலும் பலமுள்ள இயந்திரங்கள் உண்டு, விலையும் அதிகம். ஆஸ்பத்திரிகளில் இருப்பவை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். மனித மூளை சுமார் 1,400 கிராம். எலியினுடையது 2 கிராம். சுண்டெலியினுடையது அரை கிராம்தான். முரட்டு நூலில் நுண்ணிய பூ வேலை வராது என்பது நம் நெசவாளத் தோழர்களுக்குத் தெரியும். படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாக்கினால், அதிலிருந்து வரும் சமிக்ஞை எட்டில் ஒன்றாகிவிடும். திரும்பத் திரும்ப எடுத்து அதை ஈடுகட்டுவதென்றால் 64 மடங்கு நேரம் வேண்டும்.

இதற்கு ஹோமமா பரிகாரம்? இல்லை. சமிக்ஞை வாங்கும் சுருளைச் சிறிதாக்கித் தலையை ஒட்டி வைப்பதே பரிகாரம். மனிதன் மணிக்கட்டுக்கென்று செய்த சுருளே எலிக்கு உதவுகின்றது. சுண்டெலியின் மிக நுண்ணிய வேலைக்குப் பெரிய காந்தம் வேண்டியதுதான். ஆனால் அது வரும்வரை ஏழை நாடு கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

நிபந்தனைகளும் உண்டு. காத்திருக்கும் நோயாளியின் நேரத்தில் ஒரு நிமிஷமும் எலிக்குப் போகக்கூடாது. பின்னர் இயந்திரத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி அனுமதியும் வேண்டும்.

தோழர்களே! தோஷம் போகத் தொடும் தங்கப் பல்லி வரதராஜர் கோயிலில் இருக்கின்றது. அது ஒரு பக்கவாதக்காரன் கையையாவது அசைத்ததுண்டா? இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே வாய் கோணி, கை விழுந்தவனைப் பல்லியிடமல்ல, ஆஸ்பத்திரிக்கே தூக்கிச் செல்லுங்கள்!