நேற்றுவரை நல்லாத்தான் இருந்தாரா?

பக்கவாதம் வந்த வீட்டுக்கு விசாரிக்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார், திடீர்னு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு." சொல்பவரின் துயரம் உண்மை. சொல்லப்படும் சேதிதான் பெரும்பாலும் பொய். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் அடுத்து விழப்போகிறவர் அதே கூடத்தில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாரே!

இந்தக் கதை நம்மூரில் மட்டும் ஓடுவதில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓவியருக்கு முன் உட்கார்ந்திருந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பின்மண்டை பயங்கரமாக வலிக்கிறது என்றார். அப்படியே சாய்ந்தவர் அன்று மாலைக்குள் இறந்துபோனார். மூளையில் ரத்தக்கசிவு. யாரும் எதிர்பாராத இடி என்ற தொனியில்தான் அவருடைய மருத்துவர் ராஸ் மக்கின்டயர் பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். அதிபரைக் கவனித்துவந்த இதய மருத்துவர் புருயென் 1970-இல் தன் குறிப்புகளை வெளியிட்டபோதுதான் கணக்கு வெளியே வந்தது. ரத்த அழுத்தம் 1937-இல் 162/98. 1941-இல் 188/105. விழுந்த அன்று மேல் அளவு 300-ஐத் தாண்டியிருந்தது. எட்டு வருடமாக ஏறிக்கொண்டே வந்ததற்குப் பெயர் இடியா? அன்றைக்கு நல்ல மாத்திரை கிடையாது. உப்பைக் குறை, ஓய்வெடு என்பதோடு வைத்தியம் முடிந்தது. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

பக்கவாதத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளலாம், அல்லது வெடிக்கலாம். பெரும்பாலானவை அடைப்பு வகை. கழுத்துக் குழாயில் வருடக்கணக்கில் படிந்த கொழுப்பின் மேல் ரத்தம் உறைந்து அடைக்கும். அல்லது துடிப்பு தாறுமாறாகிப்போன இதயத்தில் உறைந்த கட்டி மேலே போய்ச் சிக்கும். உயர் ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வேலையும் தெரியும். மூளையின் ஆழத்தில் இருக்கும் மெல்லிய குழாய்களின் சுவரைக் கெடுத்து, ஒருவருக்கு அடைக்கும், இன்னொருவருக்கு வெடிக்கும். 32 நாடுகளில் நடந்து 2016-இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, பத்தில் ஒன்பது பக்கவாதங்களை நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களோடு பொருத்திக் காட்டியது. முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. புகை, குடி, சர்க்கரை, தொப்பை, உடம்பு அசையாமை எல்லாம் பட்டியலில் உண்டு.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பிறவிக் கோளாறான ரத்தக்குழாய், கழுத்தில் பட்ட அடி என்று இளவயதிலேயே சிலரை வீழ்த்துவதும் உண்டு. அவர்களைக் காட்டி அறுபது வயது பிரஷர்காரர் தப்பித்துக்கொள்வதுதான் அநியாயம்.

அந்தப் பிரஷர்காரரிடம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்பார். பண்ணாதுதான்; அந்த நோயின் குணமே அது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் மருந்துக்கடைக் கவர் ஒன்று கிடக்கிறது. உள்ளே அம்லோடிபின் அட்டை, பாதிகூடக் காலியாகவில்லை, மேலே தூசி. "நார்மல் வந்துடுச்சு, நிறுத்திட்டேன்" என்றார் வீட்டுக்காரர். நார்மல் ஆக்கியதே அந்த அட்டைதான் என்றால் சிரிக்கிறார். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று பயம் வேறு. கெடுப்பது கட்டுக்கடங்காத பிரஷர். 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி வைத்துக்கொள்கிறோம், விழுங்குவதில்லை.

இத்தனைக்கும், பலருக்கு உடம்பு முன்கூட்டியே ஒரு தடவை சொல்லிவிடுகிறது. சோறு பிசையும்போது கை மரத்துப்போகும், பேச்சு குழறும், பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். வாயு என்று ஒரு பூண்டை மென்றுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வரும். அதில் பாதி முதல் இரண்டு நாளிலேயே. சரியாகிவிட்டது என்று நிம்மதியாகும் அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், திடீர் என்று சொல்லத் தகுந்த ஒரே நேரத்தில், ஆள் விழுந்த பிறகுதான், நமக்கு நிதானம் வந்து தொலைக்கிறது. விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடு என்று ஒரு வாட்ஸ்அப் தகவல். புறா ரத்தம் தேய்க்கச் சொல்லும் பெரியவர் ஒருவர். காபி ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பிரின் கொடுக்கலாமா? அடைப்பா, கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே வினையாகும். பிரித்துச் சொல்வது சிடி ஸ்கேன்.

ஆகவே வாய் கோணினாலோ, தூக்கிய கை இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும். ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏறும் நேரமும் அதில்தான் கழியும். தூக்கத்தில் வந்திருந்தால், விழித்த நேரத்தை விட்டுவிட்டு, கடைசியாக நல்லபடி இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம்வரை உண்டே என்று ஆறப்போடக் கூடாது. அந்தச் சிலரில் நம் ஆள் இருக்கிறாரா என்பதையும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் சொல்வார்கள்.