அறை சிறியதுதான், அழைப்பிதழ் எதற்கு?

பெங்களூரு, மும்பை, புணே, தில்லி போன்ற நகரங்களின் சிறு இசைச் சங்கங்கள் அண்மைக்காலத்தில் ஒரு சொல்லைக் கண்டெடுத்திருக்கின்றன: ‘சேம்பர் கச்சேரி’. ஒலிபெருக்கி கிடையாது, உயர்ந்த மேடை கிடையாது, ஐம்பது அறுபது பேர் மட்டும், கலைஞர் மூச்செடுப்பதே கேட்கும் நெருக்கம் என்று பருவத்தின் அறிவிப்பு தொடங்கும். அடுத்த வரியில் ‘அழைப்பின் பேரில் மட்டும்’ என்றிருக்கும். அல்லது புரவலர்களுக்கு முன்னுரிமை என்றிருக்கும். முதல் வரி ஒலியைப் பற்றியது. இரண்டாம் வரி மனிதர்களைப் பற்றியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, முதலாவதற்குரிய நியாயத்தை இரண்டாவதற்கும் கடன் வாங்கித் தருவதே இந்த அறிவிப்புகள் செய்யும் வேலை.

முதலாவது நியாயம் வலுவானது; அதை மறுப்பதற்கில்லை. வீணையின் குடத்தில் ஒட்டிய சிறு மைக்கின் வழியாக மட்டுமே அந்த வாத்தியத்தைக் கேட்டுப் பழகிய தலைமுறைக்கு, ஒரு மீட்டலுக்குப் பின் நாதம் எவ்வளவு நேரம் தேய்ந்துகொண்டே வாழ்கிறது என்பது தெரிய வாய்ப்பில்லை. பேரரங்குகளில் மிருதங்கத்தின் தொப்பி வயிற்றில் இடிக்கிறது, தம்பூரா மின்பெட்டிக்குள் ஒடுங்கிவிடுகிறது, பாடகர் தம் குரலைத் தம் காதால் கேளாமல் எதிரே வைத்த பெட்டியின் வழியாகக் கேட்கிறார். இவற்றிலிருந்து விலகி ஒரு கூடத்துக்குத் திரும்புவது நல்ல முடிவு.

ஆனால் அந்தக் கூடத்தின் ஒலி யாருக்கு அதிகம் பயன்படும் என்ற கேள்வியை எந்தச் சங்கமும் கேட்டதாகத் தெரியவில்லை. பாடப்படும் மொழியில் உயிரொலிகளுக்கு ஆற்றல் மிகுதி. ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்களுக்கு அது மிகக் குறைவு. எதிரொலி மிகுந்த பெரிய மண்டபத்தில் முதலில் அழிவது மெய்யொலிதான். எஞ்சுவது நீண்ட உயிர்களின் ஓட்டம். நூறுமுறை கேட்ட கிருதியை மீண்டும் கேட்பவர் அழிந்த மெய்களை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார். அவருக்கு இழப்பு தெரிவதே இல்லை. சாகித்தியத்தை முதன்முறையாகக் கேட்பவருக்கோ, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அந்த மெய்யொலிகளை விட்டால் வேறு பிடிமானம் இல்லை. ஆக, சிறிய அறையின் முதன்மைப் பயனாளி புதிதாகக் கேட்க வருபவர். சங்கங்களின் பட்டியலில் இடம் பெறாதவரும் அவரே. ‘தேர்ந்த ரசிகர்களுக்காக’ என்ற தொடர் ஒலியியலின்படியே தலைகீழானது. (‘ரசிகர்’ என்ற அதே சொல்லைத்தான் நடிகர்களின் கட்-அவுட்டுக்குப் பாலூற்றும் மன்றங்களும் தம் பெயரில் வைத்திருக்கின்றன, அவற்றில் சேர யாரும் தேர்ந்திருக்க வேண்டியதில்லை.)

‘சேம்பர்’ என்ற சொல்லுக்கு ஐரோப்பியப் பெருமை ஒன்று உண்டு என்றும், அது பிரபுக்களின் மாளிகை அறையிலிருந்து வந்தது என்றும் சொல்லப்படும். வந்தது அங்கிருந்துதான், அங்கேயே நின்றுவிடவில்லை. லண்டனில் சவுத் பிளேஸ் ஞாயிறு கச்சேரிகள் 1887இல் தொடங்கியபோது அவற்றின் நோக்கமே, சீட்டு வாங்க வசதியில்லாத உழைக்கும் மக்களுக்கு அறையிசையைக் கொண்டுசேர்ப்பதாக இருந்தது. அந்த மரபு கான்வே ஹாலில் இன்றும் தொடர்கிறது. மேற்கிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பெயரின் பின்பாதி வரலாற்றை விட்டுவிட்டார்கள். லத்தீனில் ‘காமெரா’ என்ற அதே வேரிலிருந்துதான் ‘சேம்பரும்’ நம் கையிலுள்ள கேமராவும் வந்தன என்பது வேடிக்கை. மைக் இல்லாக் கச்சேரி என்று விளம்பரப்படுத்தப்படும் நிகழ்ச்சிகள் பலவற்றில் மூன்று கேமராக்களும் ஒலிப்பதிவுக்கான உயர்தர மைக்குகளும் இருக்கின்றன. இணையத்தில் காண்போர் எத்தனை ஆயிரம் பேரானாலும் சரி. வாசலில் வந்து நிற்கும் அறுபத்தொன்றாமவர்தான் தூய்மையைக் கெடுத்துவிடுவார்.

நம் சொற்களுக்கும் இப்படியொரு நினைவுண்டு. ‘பைட்டக்’ என்பது உட்காருதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. யார் உட்காரலாம் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. ‘கச்சேரி’ இந்தியில் இன்றும் நீதிமன்றம். தமிழிலும் ஒரு காலத்தில் தாலுகா கச்சேரி இருந்தது. கன்னடத்தில் அரசு அலுவலகப் பலகையும் இசை நிகழ்ச்சியின் அறிவிப்பும் இன்றும் அதே சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன. மனுவோடு வருபவரை அலுவலகக் கச்சேரியில் காத்திருக்க வைப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புவதில்லை.

இதைவிடக் கனமான மறதி ஒன்று இருக்கிறது. சிறிய அறையில் நெருங்கியமர்ந்து கேட்கும் இசை, இந்தியாவில் பெரும்பகுதி, பரம்பரைக் கலைஞர்களான பெண்களின் வீடுகளில் வளர்ந்தது. வடக்கே தவாயிஃப்களின் மாடிக்கூடம். கோவா–மும்பைப் பகுதியில் கலாவந்தப் பெண்கள். சென்னையில் வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமை மாலைகள். அந்த வீட்டில் எவர் அமரலாம், எப்போது வாசிப்பு நிற்கும் என்பதையெல்லாம் தீர்மானித்தவர் கலைஞரே. தேர்ந்த கேள்வியாளர்கள் அவர் வீடு தேடிப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுத்தர வர்க்கம் அந்த அறையையே இழிவென்று முத்திரை குத்தி, இசையைப் பொது அரங்குக்கு மாற்றியது. வல்லபாய் பட்டேல் தகவல் ஒலிபரப்புத் துறையைக் கவனித்த ஆண்டுகளில் ‘ஒழுக்கம்’ என்ற பெயரில் இந்தப் பாடகியருக்கு வானொலி நிலையங்களின் கதவு அடைக்கப்பட்டதும் அந்த மாற்றத்தின் ஒரு பகுதி. அல்லாதியா கானின் மாணவியும் கலாவந்த மரபில் வந்தவருமான கேசர்பாய் கேர்கர் வானொலியை விலக்கி நேரடி மெஹ்ஃபிலையே நம்பியிருந்ததை அவருடைய பிடிவாதம் என்று மட்டும் படிப்பது போதாது.

இன்று அதே வர்க்கத்தின் பேரப்பிள்ளைகள் அறையை மீட்டெடுக்கிறார்கள். அந்த அறையின் உரிமையாளர்களை அல்ல. கூடம் புரவலருடையது, விருந்தினர் பட்டியல் அவருடையது, இடைவேளைச் சிற்றுண்டியும் அவருடையது. கலைஞர் வந்து வாசித்துவிட்டுப் போகிறார். நெருக்கமான சூழல் என்ற காரணத்தைக் காட்டிப் பக்கவாத்தியக்காரரின் சன்மானத்தைக் குறைக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டால், மீட்டெடுக்கப்பட்டது மரபா, தர்பாரா என்ற ஐயம் எழுவதில் வியப்பில்லை.

சங்கங்களின் பதில்கள் தெரிந்தவையே. பணம் இல்லை என்பது முதல் பதில். புரவலர் இல்லாமல் நடத்த முடியாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். புரவலர் தருவது வாடகைக்கும் சன்மானத்துக்குமான தொகை, பக்கத்து இருக்கையில் எவர் அமர்வார் என்பதற்கான அதிகாரமல்ல. விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கியபோது ஓர் அரசரின் தயவை நம்பாமல் பொதுமக்களின் ஆதரவையே நாடினார். அவருடைய சமயச் சார்பையும் முஸ்லிம் உஸ்தாத்கள் அந்தப் புதிய பொதுவெளியில் ஓரங்கட்டப்பட்டதையும் ஜானகி பாக்லே விரிவாக எழுதியிருக்கிறார். அந்த விமர்சனம் செல்லும். ஆனாலும் நிதியின் ஊற்றை விரித்தால் கூடத்தின் வாசலும் விரியும் என்பதை அவர் காட்டிவிட்டுப் போனார்.

பழக்கமில்லாதவர்கள் நடுவில் எழுந்து போவார்கள், கைபேசி ஒலிக்கும் என்பது இரண்டாம் பதில். தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் சிற்றுண்டிச்சாலையை நோக்கி எழுந்து நடப்பவர்கள் எவர் என்று எந்தச் சபாவின் வாயிற்காவலரிடமும் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் புதியவர்கள் அல்லர். 1977இல் தில்லி ஐ.ஐ.டி.யில் கிரண் சேட் தொடங்கிய ஸ்பிக் மெக்கே இயக்கம், ராகத்தின் பெயரே தெரியாத மாணவர்களைத் தரையில் உட்காரவைத்துப் பெருங்கலைஞர்களின் முன் நிறுத்தியது. இத்தனை ஆண்டுகளில் அந்த இயக்கத்தின் மீது வேறு குறைகள் சொல்லலாம். மாணவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்ற குறையைச் சொல்ல முடியாது. இன்று இதே சங்கங்களின் செயற்குழுக்களில் இருப்பவர்கள் சிலர் அந்தத் தரையில் இலவசமாக அமர்ந்து இந்த இசைக்குள் வந்தவர்கள்தாம்.

பெங்களூரு சாமராஜபேட்டையில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் ராமநவமிக் கச்சேரிகளை நடத்திவருகிறது. அதன் ஒலிபெருக்கி பற்றி ஆயிரம் முறையிடலாம். ஆயினும் பந்தல் துணியாலானது. துணி ஒலியைத் தடுப்பதில்லை. சீட்டு வாங்காதவர் சாலையோரத்தில் நின்று கேட்க முடிகிறது. ஒலிபெருக்கியின் இந்த ஒரு நன்மையை இழக்கும் அறைக்கச்சேரி, அதற்கு ஈடாக எதையாவது தர வேண்டாமா?

தருவது கடினமுமல்ல. ஒரே கலைஞரை அழைத்து, சற்றுக் கூடுதல் சன்மானத்துக்கு அடுத்தடுத்த இரு மாலைகளில் பாடவைக்கலாம். இரண்டாம் மாலை பட்டியல் இல்லாத மாலை. அல்லது பாதி இருக்கைகள் முதலில் வருபவருக்கு. செல்வர் வீட்டு மாடிக்குப் பதில் மாநகராட்சிப் பள்ளியின் ஒரு வகுப்பறை. ஓட்டுக்கூரையும் மரச்சன்னலும் உள்ள பழைய வகுப்பறைகள் சலவைக்கல் கூடங்களைவிட எதிரொலி குறைந்தவை, ஒரு முறை கைதட்டிப் பார்த்தாலே விளங்கும். பாடவிருக்கும் சாகித்தியத்தின் பொருளை அரைப்பக்கத்தில் அச்சிட்டுத் தரலாம்.

அடுத்த பருவத்தின் நிரலை அச்சுக்கு அனுப்புமுன் சங்கங்கள் ஒரு சிறு கணக்கையும் அதில் சேர்க்கட்டும்: மொத்த இருக்கைகள் எத்தனை, அவற்றில் புரவலருக்கு எத்தனை, உறுப்பினருக்கு எத்தனை, எவருடைய தொலைபேசி எண்ணும் தெரியாமல் வருபவருக்கு எத்தனை.