பாட்டியின் கறுப்புப் புடவை

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். சென்ற வாரம் ஒரு நாள், "அக்கா, புடவை வாங்கியிருக்கிறேன், வந்து பாருங்கள்!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால், கன்னங்கரேலென்று ஒரு பட்டுப் புடவை! அவள் அம்மாவோ முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சுப காரியத்துக்குக் கறுப்பா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்று காலையிலிருந்து யுத்தம்!

விஷயம் இதுதான். நிச்சயதார்த்தத்தை ஒட்டிப் பெண்ணும் பிள்ளையும் பழைய காலத்துப் பாணியில் போட்டோ எடுத்துக் கொள்வது இப்போது பலருக்கு ஆசையாக இருக்கிறது அல்லவா? அதற்கு அவள் மாதிரியாக வைத்துக் கொண்டது, பாட்டியின் 1959-ம் வருஷத்துக் கல்யாணப் படம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்; பாட்டி பக்கத்தில் விறைப்பாக நிற்கிறாள். புடவை நல்ல கறுப்பு.

ஊஞ்சலில் இருந்த பாட்டி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "அடி அசடே! அது அரக்குச் சிவப்பு. போட்டோவில் அப்படி விழுந்துவிட்டது!"

பாட்டி சொன்னது உண்மை. ஆர்த்தோகுரோமாடிக் என்று ஒரு ரகப் பிலிம் உண்டு. அதற்குச் சிவப்பு நிறமே தெரியாது. அதனால்தான் அதைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கழுவ முடிந்தது. சிவப்புப் புடவையும் குங்குமமும் அதில் கறுப்பாக விழும். நீலம் வெளுத்துப் போகும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாடிக் பிலிமில்கூட அரக்கு நிறம் ஆழ்ந்த சாம்பலாகத்தான் தெரியும்.

ஆகவே, பழைய படத்தைப் பார்த்துப் புடவை நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். சிவப்பே கட்டிக்கொண்டு, வர்ணத்திலேயே படம் எடுங்கள். பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பை மட்டும் இருட்டாக்கச் சொன்னால், பாட்டி படத்தின் களை வந்துவிடும். பழுப்புப் படம் வேண்டுமா? அந்த நிறம் வயதானதால் மட்டும் வருவதல்ல. படத்திலுள்ள வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றி, வேண்டுமென்றே பழுப்பாக்குவார்கள். அப்படிச் செய்தால் நெடுநாள் மங்காது.

இன்னும் சில யோசனைகள்: ஒரே ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள். 1959-ம் வருஷத்துக் கொண்டையும் 1975-ம் வருஷத்து பெல்பாட்டமும் சேர்ந்தால் மாறுவேஷப் போட்டிதான்! உச்சி வெயில் வேண்டாம். ஜன்னலோரக் காலை வெளிச்சமே முகத்துக்கு அழகு. 120 பிலிம் சுருளில் சதுரமாக எடுத்தால் பன்னிரண்டே படங்கள். நீங்களும் பன்னிரண்டோடு நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு வரும்.

பேச்சோடு பேச்சாகப் பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்த அரக்குப் பட்டு! ஆனால் மடிப்பு மடிப்பாக ஜரிகை ஒடிந்து, பிரித்தாலே கிழியும் போலிருந்தது. (பட்டை அவ்வப்போது நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வையுங்கள், சகோதரிகளே!) கட்ட முடியாவிட்டால் என்ன, நாற்காலி முதுகில் போட்டுக் கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கறுப்புப் புடவையைக் கடையில் கொடுத்து அரக்காக மாற்றி வர, அம்மாவே கிளம்பிவிட்டாள்.

"பாட்டி, உன் நிச்சயதார்த்தத்தில் படம் எடுக்கவில்லையா?"

"அன்றைக்கு நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அல்லவா நின்றேன்? உன் தாத்தா முகத்தையே மணையில்தான் பார்த்தேன். அப்புறம் எடுத்த படம் இது ஒன்றுதான். அசையாதே என்றார் போட்டோக்காரர். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் கோபக்காரி மாதிரி இருக்கிறேன்."

பெண் தயங்கினாள். "அப்படியானால் நாங்கள் கை கோத்துக்கொண்டு நிற்பது பழைய பாணி ஆகாதே?"

பாட்டி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். "ஆகாதுதான். நீ கோத்துக்கொள்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்தார்கள். பதினோரு படங்கள் கறுப்பு வெள்ளை. பன்னிரண்டாவதில், மடியில் பழைய பட்டோடு பாட்டியே நடுவில் உட்கார்ந்து, வாய் நிறையச் சிரிக்கிறாள்.

அதை மட்டும் மாற்றக் கூடாது என்று பாட்டி உத்தரவு போட்டுவிட்டாள். "இது கலரிலேயே இருக்கட்டும். நாளைக்கு உன் பேத்தியும் கறுப்பு என்று நினைத்துவிடப் போகிறாள்!"